கறிவேப்பிலைச் செடியில் பட்டாம்பூச்சி: முட்டை முதல் சிறகு வரை கவனிக்க முழுமையான வழிகாட்டி

மொட்டை மாடியில் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால், அழகிகள் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பட்டாம்பூச்சிகளின் முழு வாழ்க்கையையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒன்று காமன் மார்மன் எனப்படும் கறிவேப்பிலை அழகி. மற்றொன்று எலுமிச்சை அழகி. தமிழ்நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும்வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சில நேரம் ஐந்து வாரம்.

முதன்முதலாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். புழுவைக் கண்ட மகிழ்ச்சியில் அதை டப்பாவில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதற்கு என்ன கொடுப்பது என்பதைப் பிறகு தேடுகிறார்கள். மூன்றாம் நாள் இலை தீர்ந்துபோகிறது, கடையில் வாங்கிய இலையைத் தருகிறார்கள், புழு இறந்துவிடுகிறது. புழு பலவீனமானது என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பிசகியது வரிசைதான். ஆகவே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் செடியைத் தயார் செய்யுங்கள்

இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் வேண்டும். ஒன்று முட்டையிட, மற்றொன்று கையிருப்பு. புழு தோலை உரித்து உரித்து வளரும்; ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம். கடைசிப் பருவத்தில் ஒரு புழு தின்னும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தன் வாழ்நாள் தீனியின் பெரும்பகுதியை அது அந்தச் சில நாட்களில்தான் தின்கிறது. இரண்டடி உயரச் செடி ஒன்றில் இரண்டு புழுக்களுக்கு மேல் விடாதீர்கள். அதற்கு மேல் விட்டால் செடி மொட்டையாகும், புழுவும் பட்டினி கிடக்கும்.

எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவையும் இதே தாவரக் குடும்பம். இந்த இரண்டு பட்டாம்பூச்சிகளும் அவற்றிலும் முட்டையிடும். ஆனால் எந்தச் செடியின் இலையைத் தின்று புழு வளரத் தொடங்கியதோ, கடைசிவரை அதே இலையைக் கொடுப்பது நல்லது. நடுவில் மாற்றினால் சில புழுக்கள் தின்னாமல் அடம்பிடிக்கும்.

மருந்து தெளிக்காத செடி என்பது விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. நாற்றுப்பண்ணையில் வாங்கிய செடிக்குப் பெரும்பாலும் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். அதை வாங்கி வந்ததும் பழைய இலைகளைக் கழித்துவிட்டு, புதிதாகத் துளிர்த்து வளர்ந்த இலையை மட்டுமே நம்புங்கள். சந்தையில் வாங்கும் கறிவேப்பிலையை எத்தனை முறை கழுவினாலும் புழுவுக்குக் கொடுக்க வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசலும் கூடாது. இயற்கை மருந்துதானே என்று அதைத் தெளித்துவிட்டுப் புழுவுக்காகக் காத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். புழுவின் பசியையும் தோலுரிப்பையும் கெடுப்பதுதான் வேப்பெண்ணெயின் வேலை. அதற்கு நல்ல புழு, கெட்ட புழு என்ற பேதம் கிடையாது.

செடியின் நுனிகளைக் கத்தரித்துவிட்டால் சில வாரங்களில் இளந்தளிர் வரும். தாய்ப் பட்டாம்பூச்சி தேடி வருவது இந்தத் தளிரைத்தான். முட்டையிலிருந்து வெளிவரும் சின்னஞ்சிறு புழுவின் தாடைக்கு முற்றிய இலை கடினம். மழைக்குப் பின் செடி தானாகவே துளிர்க்கும் காலத்தில் முட்டைகள் மிகுதியாகக் கிடைப்பதும் இதனால்தான். வடகிழக்குப் பருவமழையின் முதல் சுற்று முடிந்து வெயில் தலைகாட்டும் வாரங்கள் தொடங்குவதற்கு ஏற்றவை.

2. வேறு என்ன தேவை

நெருக்கமான வலைத்துணியால் ஆன கூண்டு ஒன்று. கடையில் வாங்கலாம், துணி மடிக்கும் கூடையைக் கவிழ்த்து வலையால் சுற்றியும் செய்துகொள்ளலாம். உயரம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. சிறகு விரிக்கும் நாளில் இந்த உயரம்தான் உயிர் காக்கும். கொசுவலையைவிடக் கண் சிறிய துணியாக இருக்கட்டும். காரணத்தைக் கூட்டுப்புழுப் பகுதியில் சொல்கிறேன்.

கிளையைச் செருகி வைக்க வாய் குறுகிய சிறு பாட்டில், அதன் வாயை அடைக்கப் பஞ்சு, மென்மையான ஓவியத் தூரிகை, ஒரு பூதக்கண்ணாடி, தேதி எழுத ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவு போதும்.

மூடியில் துளையிட்ட கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். எச்சமும் இலையும் விடும் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். புழுக்கள் நோயில் சாவதற்கு நான் காணும் முதல் காரணம் இந்தப் புட்டிதான்.

3. வருவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எலுமிச்சை அழகியை அறிவது எளிது. கறுப்புச் சிறகு முழுவதும் வெளிர்மஞ்சள் திட்டுகள்; பின்சிறகின் உள்மூலையில் செங்கல் நிறப் புள்ளி; சிறகு விரிவு 8 முதல் 10 செ.மீ. அழகிகள் குடும்பத்துக்கே அடையாளமான பின்சிறகு வால் இதற்கு இல்லை. வால் இல்லாததால் இது வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். திறந்த வெயிலில், தரைக்கு அருகில், வேகமாகப் பறக்கும். காலையில் சிறகை விரித்து வைத்து வெயில் காயும்.

கறிவேப்பிலை அழகியின் ஆண் கரிய நிறம். பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளிகள் வரிசையாக ஓடும். சிறு வால் உண்டு. தோட்டம், தோப்பு, காட்டோரம் என எங்கும் இருக்கும், நிழலையும் விரும்பும். பூவில் அமரும்போதுகூட முன்சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டே தேன் குடிக்கும்.

இந்த இனத்தின் பெண்ணிடம்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். குழம்புவதில் வியப்பில்லை, ஏனென்றால் பெண்ணுக்கு மூன்று தோற்றங்கள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இரண்டாவது, காமன் ரோஸ் என்ற பட்டாம்பூச்சியின் தோற்றத்தை ஏற்றிருக்கும்: பின்சிறகின் நடுவே வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். மூன்றாவது, கிரிம்சன் ரோஸின் தோற்றம்: முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள். கிரிம்சன் ரோஸ் வாழும் தென்னிந்தியா, இலங்கை போன்ற பகுதிகளில்தான் இந்த மூன்றாவது வகைப் பெண்ணையும் காணலாம்.

ரோஸ் பட்டாம்பூச்சிகள் இரண்டும் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற கொடிகளின் இலையைத் தின்று வளர்பவை. அந்த இலையின் நஞ்சு அவற்றின் உடலில் தங்கிவிடும். ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை அவற்றைத் தொடாது. கறிவேப்பிலை தின்று வளரும் நம்முடைய பெண்ணுக்கு நஞ்சு இல்லை. நஞ்சுள்ளவற்றின் தோற்றம் மட்டும் இருக்கிறது. பறவையை ஏமாற்ற அதுவே போதுமானது.

நம்மை ஏமாற்றாமலிருக்க உடலைப் பாருங்கள். ரோஸ்களின் தலையிலும் வயிற்றிலும் பளிச்சென்ற சிவப்பு இருக்கும். கறிவேப்பிலை அழகியின் உடல், எந்தத் தோற்றத்திலும், கறுப்பு. சிறகின் கோலத்தை மறந்துவிட்டு உடலின் நிறத்தை மட்டும் பார்க்கப் பழகினால் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். பறக்கும் விதமும் உதவும். ரோஸ்கள் அவசரமே இல்லாமல் மிதந்து செல்லும். போலியும் அப்படியே நடிக்கும். ஆனால் நெருங்கிப் போய்க் கலைத்தால் நடிப்பை விட்டுவிட்டு வளைந்து நெளிந்து விரைந்தோடும்.

4. முட்டையிடும் தாயைக் கவனியுங்கள்

வெயில் ஏறிய காலை வேளையில், சுமார் 9 மணியிலிருந்து நண்பகலுக்குள், செடியிலிருந்து நான்கைந்து அடி தள்ளி உட்காருங்கள். உங்கள் நிழல் செடியில் விழக் கூடாது. கேமராவோடு கிட்டே போனால் தாய் போய்விடும்.

செடியைச் சுற்றி வேகமாகப் பறந்து கடந்துபோவது பெரும்பாலும் ஆண். பெண் செடிக்கு அருகில் வேகத்தைக் குறைக்கும். இலையின் மேல் கால் பதித்து, சிறகடித்தபடியே முன்னங்கால்களால் இலையைத் தட்டும். அந்தக் கால்களில் சுவையறியும் உணர்விகள் இருக்கின்றன. புழு தின்னத்தக்க இலைதானா என்பதைத் தட்டித்தான் அறிகிறது. பிடிக்காவிட்டால் அடுத்த இலைக்குத் தாவும். பிடித்தால் வயிற்றை வளைத்து ஒரு முட்டை இட்டுவிட்டு உடனே கிளம்பும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

ஒரு இலையில் ஒரு முட்டை என்பதே வழக்கம். கொத்தாகப் பல முட்டைகளைக் கண்டால் அது வேறு பூச்சியுடையது.

5. முட்டையைக் குறித்துவையுங்கள்

முட்டை உருண்டையானது, வெளிர்மஞ்சள், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். தளிரின் அடிப்புறத்தையும் நுனிகளையும் தேடுங்கள். கண்டதும் அந்தக் கிளையில் வண்ண நூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டி, தேதியை எழுதிவையுங்கள். நூல் கட்டாத கிளையைச் சமையலுக்கு யாராவது ஒடித்துச் சென்றுவிடுவார்கள். இது உண்மையாகவே அடிக்கடி நடக்கிறது; வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மூன்று முதல் ஐந்து நாட்களில் முட்டையின் நிறம் கருக்கும். உள்ளே இருக்கும் புழுவின் தலை தெரிவதால் வரும் நிறம் அது. முட்டை முழுவதும் ஒரே சீராகக் கறுத்து, நாட்கள் கடந்தும் பொரியாமல் இருந்தால் உள்ளே வேறொன்று வளர்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிகள் பட்டாம்பூச்சி முட்டைக்குள் தங்கள் முட்டையை வைத்துவிடுவதுண்டு.

6. கூண்டுக்குள் கொண்டுவருவதா, செடியிலேயே விடுவதா

என் கருத்து இதுதான்: முதல் முறை செடியிலேயே விட்டுப் பாருங்கள். தையல்சிட்டு, ஓணான், பல்லி, சிலந்தி, முசுறு எறும்பு என்று எத்தனை பேர் ஒரு புழுவை எதிர்பார்த்து வாழ்கிறார்கள் என்பது அப்போதுதான் புரியும். பெரும்பாலான புழுக்கள் அழகியாக மாறுவதில்லை. ஒரு தாய் ஏன் அத்தனை முட்டைகளை இடுகிறது என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

இரண்டாவது முறை கூண்டைப் பயன்படுத்துவதாக இருந்தால், முட்டையாக இருக்கும்போதே, இட்ட நாளிலேயே கொண்டுவாருங்கள். பெரிய புழுவைக் கொண்டுவந்தால் அதன் உடலுக்குள் ஏற்கெனவே குளவியோ ஈயோ முட்டையிட்டிருக்கலாம். வாரக்கணக்கில் தீனி போட்ட பிறகு கூட்டிலிருந்து ஈ வெளிவருவதைக் கண்டு மனமுடைந்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

இன்னும் எளிய வழி: தொட்டிச் செடியையே கூண்டுக்குள் வைத்துவிடுவது. இலை வாடாது, மாற்றும் வேலையும் இல்லை. அப்படி முடியாதபோதுதான் வெட்டிய கிளையும் பாட்டிலும். பாட்டிலின் வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். புழு தண்டு வழியே கீழே இறங்கித் தண்ணீரில் விழுந்து மூழ்கிவிடும். விளிம்பில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் இறங்கிவிடும்.

கூண்டை நேரடி வெயிலில் வைக்காதீர்கள். காலை வெளிச்சம் படும் நிழலான இடம் சரி. கால்கள் உள்ள மேசையில் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

7. பறவை எச்சம் போல் இருப்பதுதான் புழு

முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும். அதை எடுத்து வேறு இடத்தில் வைக்கும் அவசரம் வேண்டாம், தின்று முடிக்கட்டும்.

முதல் நான்கு பருவங்களில் அது கறுப்பும் பழுப்புமாய், நடுவில் வெள்ளைத் திட்டோடு, ஈரமாகப் பளபளக்கும். பறவை எச்சம் விழுந்திருக்கிறது என்று நினைத்து இலையைக் கழுவிவிடுபவர்கள் ஏராளம். பறவைகளும் அப்படியே நினைத்து விட்டுவிட வேண்டும் என்பதற்கான வேடம் அது. அதனால்தான் இந்தப் புழு ஒளிந்துகொள்ளாமல் இலையின் மேற்புறத்திலேயே அமர்ந்திருக்கிறது.

தான் அமரும் இடத்தில் புழு மெல்லிய பட்டு நூலால் விரிப்பு ஒன்றை நெய்திருக்கும். ஓரத்து இலையைத் தின்றுவிட்டு மறுபடி அதே விரிப்புக்குத் திரும்பும். கால் கொக்கிகள் அந்த நூலில் மாட்டியிருப்பதால் விரலால் பிடித்து இழுத்தால் கால்கள் கிழியும். இடம் மாற்ற வேண்டுமானால் இலையோடு சேர்த்து வெட்டி, அந்தத் துண்டைப் புதிய இலையின் மேல் வையுங்கள், தானாகவே ஏறிக்கொள்ளும். கீழே விழுந்துவிட்ட புழுவுக்கு மட்டும் தூரிகை.

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஏறத்தாழ ஒரு நாள் அசையாமல், தின்னாமல் இருக்கும். நோய் என்று பயந்து தட்டிப் பார்க்காதீர்கள். பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் தயாராகும் நேரம் அது. அப்போது அசைத்தால் தோல் பாதியில் சிக்கிக்கொள்ளும். உரித்த தோலையும் பெரும்பாலும் தின்றுவிடும்.

எச்சத்தை நாள்தோறும் கொட்டுங்கள். கூண்டின் தரையில் பழைய செய்தித்தாள் விரித்தால் எடுப்பது எளிது. எச்சம் உலர்ந்த உருண்டைகளாக இருக்கும்வரை எல்லாம் சரியாகப் போகிறது என்று பொருள்.

8. பச்சைப் புழு: கடைசிப் பருவம்

நான்காவது முறை தோலுரித்ததும் எச்ச வேடம் போய், இலைப் பச்சையில் ஒரு புழு இருக்கும். முதல் நாள் இரவு கறுப்பாகப் பார்த்தவர்கள் காலையில் வேறு புழு வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அதே புழுதான். நன்கு வளர்ந்தால் நான்கு செ.மீ. அளவுக்கு வரும்.

உடலின் முன்பகுதி பருத்து, இரண்டு பெரிய கண்கள் விழிப்பது போலத் தெரியும். அவை கண்கள் அல்ல, தோலில் உள்ள குறிகள். உண்மையான தலை அதற்கும் முன்னால், கீழ்நோக்கி மடங்கி இருக்கும் சிறிய பகுதி. சிறு பாம்பின் தலையோ என்று பறவை ஒரு நொடி தயங்கினாலும் புழுவுக்கு லாபம்.

தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த, கவைபோல் பிளந்த ஓர் உறுப்பு சட்டென்று நீண்டு வெளிவரும். கூடவே கடுமையான புளித்த வாடை. ஆஸ்மெட்டீரியம் எனப்படும் இந்த உறுப்பு எறும்பு, சிலந்தி போன்றவற்றைத் துரத்துவதற்கானது. அது கொட்டாது, கடிக்காது, மனிதருக்குத் தீங்கில்லை. இந்தப் புழுவுக்குச் சுணை மயிரும் கிடையாது. முருங்கைக் கம்பளிப்பூச்சியோடு சேர்த்து இதற்கும் பயப்பட வேண்டாம். குழந்தைகள் அந்தக் கொம்பைப் பார்ப்பதற்காகத் திரும்பத் திரும்பத் தொடுவார்கள். ஒருமுறை காட்டியதோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் புழு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது.

இந்தப் பருவத்தில்தான் கையிருப்புச் செடி கைகொடுக்கும். காலையும் மாலையும் இலை இருக்கிறதா என்று பாருங்கள். வாடிய இலையில் நீர் குறைவு; அதைத் தின்ற புழு சிறுத்துப்போகும், பிறக்கும் பட்டாம்பூச்சியும் சிறியதாகவே இருக்கும். வளர்ந்த பட்டாம்பூச்சி ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. அதன் அளவு இங்கேயே முடிவாகிவிடுகிறது.

புழு தொங்கிப்போய், கறுத்து, உடல் நீராக உருகினால் அது தொற்றுநோய். உடனே அதை எடுத்து அப்புறப்படுத்துங்கள். மற்றப் புழுக்களைப் புதிய இலைக்கு மாற்றி, கூண்டைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

9. இடம் தேடி அலையும் நாள்

ஒரு நாள் புழு தின்பதை நிறுத்தும். உருண்டையாக வந்த எச்சம் திடீரென்று ஈரமாய், குழம்பாய் வரும். வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் புழுவை வெளியே எறிந்தவர்களைத் தெரியும். அது நோய் அல்ல. கூட்டுப்புழுவாகும் முன் குடலைக் காலி செய்கிறது. நோயுற்ற புழு தளர்ந்து கிடக்கும். இது வேகமாக அங்குமிங்கும் ஓடும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் போதும்.

செடியில் விட்டிருந்தால் இந்தக் கட்டத்தில் புழு காணாமல் போகும். தொட்டியை விட்டு இறங்கிச் சுவர், கொடிக்கம்பி, நாற்காலிக் கால் என்று எங்கோ போய்விடும். பறவை தூக்கிவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன் சுற்றிலும் சில அடி தூரம் தேடுங்கள்.

கூண்டுக்குள் சாய்வாகச் சில குச்சிகளை வையுங்கள். புழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வால் நுனியை ஒட்டிக்கொள்ளப் பட்டுத் திண்டு ஒன்றையும், பிறகு முதுகைச் சுற்றி ஒரு பட்டுக் கயிற்றையும் நெய்யும். மின்கம்பத்தில் ஏறிய ஊழியர் இடுப்பு வாரில் சாய்ந்து நிற்பதுபோல, தலை மேலாக, அந்தக் கயிற்றில் சாய்ந்துகொள்ளும். பல பட்டாம்பூச்சிகளின் கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும். அழகிகள் இப்படிச் சாய்ந்து நிற்கும்.

கயிற்றில் சாய்ந்த பிறகு ஏறத்தாழ ஒரு நாள் கழித்துத் தோல் கழன்று கூட்டுப்புழு தெரியும். இந்த ஒரு நாளில் குச்சியை நகர்த்தக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது. கயிறு அறுந்தால் தோலை உரிக்கப் பிடிமானம் இல்லாமல் போய்விடும்.

10. கூட்டுப்புழு

பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். வழவழப்பான பச்சைத் தண்டில் அமைந்தது பெரும்பாலும் பச்சை. சொரசொரப்பான காய்ந்த குச்சியில் அமைந்தது பழுப்பு. பழுப்பைக் கண்டு செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

நெருக்கமான வலை தேவைப்படுவது இங்கேதான். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒருவகைக் குளவி, புழு கயிற்றில் சாய்ந்திருக்கும்போதே பக்கத்தில் வந்து காத்திருக்கும். தோல் உரிந்து கூடு இன்னும் மெத்தென்று இருக்கும் அந்த நேரத்தில் உள்ளே முட்டையிட்டுவிடும். பின்னர் கூட்டில் ஒரு சிறு துளை தெரியும், அதன் வழியே குளவிகள் கூட்டமாக வெளிவரும். மனம் வருந்தும்தான். ஆனால் எலுமிச்சைக் கன்றுகளை மொட்டையாக்கும் புழுக்களை விவசாயிக்காகக் கட்டுப்படுத்தி வைப்பதும் அதே குளவிதான். அதைக் கொல்லாமல் கூண்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

கூட்டுப்புழு கீழே விழுந்துவிட்டால் காப்பாற்ற முடியும். கெட்டியான காகிதத்தைக் கடலைப் பொட்டலம் மடிப்பதுபோல் கூம்பாகச் சுருட்டி, வால் கீழாக, தலை விளிம்புக்கு அருகில் வரும்படி கூட்டுப்புழுவை அதில் வையுங்கள். கூம்பைக் கூண்டின் வலையோடு குத்தி நிறுத்துங்கள். வெளிவரும் பட்டாம்பூச்சி காகிதத்தில் கால் ஊன்றி வலையில் ஏறிக்கொள்ளும். பசை தடவி ஒட்டும் வேலை வேண்டாம். திறக்க வேண்டிய தையலில் பசை வழிந்தால் உள்ளேயே சிக்கிவிடும்.

எட்டு நாள் முதல் இரண்டு வாரம்வரை காத்திருக்க வேண்டும். காற்று மிக வறண்டிருந்தால் கூண்டின் அருகில் ஈரத்துணி ஒன்றைத் தொங்கவிடலாம். அடிக்கடி தொட்டு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை.

11. வெளிவரும் காலை

முந்தைய நாள் கூடு கருக்கும். கூர்ந்து பார்த்தால் மெல்லிய ஓட்டின் வழியே சிறகின் வெண்புள்ளிகளோ மஞ்சள் திட்டுகளோ தெரியும். அப்படித் தெரிந்தால் மறுநாள் காலை சீக்கிரம் எழுங்கள். கோலம் எதுவும் தெரியாமல் ஒரே கறுப்பாகி, மெத்தென்று, துர்வாடை வீசினால் அது இறந்த கூடு.

ஓடு பிளந்து வெளிவருவது சில நிமிட வேலை. வெளிவந்த உடலில் சிறகுகள் கசங்கிய சிறு துணுக்குகளாக இருக்கும். உடனே மேலே ஏறி, சிறகுகள் கீழ்நோக்கித் தொங்கும்படி ஓரிடத்தைப் பற்றிக்கொள்ளும். உடலின் நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும். தொங்கும் இடம் தாராளமாக இருந்தால்தான் அவை நேராக விரியும். கூண்டின் உயரத்தை வலியுறுத்தியது இதற்காகத்தான். தாழ்வான டப்பாவில் தரையைத் தொட்ட சிறகு அப்படியே மடங்கிக் காய்ந்துவிடும். காய்ந்த சிறகை எதுவும் சரிசெய்ய முடியாது.

ஓட்டைப் பிளக்க உதவி செய்யாதீர்கள். தானாக முட்டித் திறக்கும்படி விட்டால்தான் நல்லது. ஆனால் வெளிவந்தபின் ஏற முடியாமல் கீழே விழுந்து தடுமாறினால், அப்போது தாமதிக்காமல் ஒரு குச்சியை நீட்டி ஏற்றிவிடுங்கள். வெளிவரும் காலையில் நாம் கைகொடுக்கத் தக்க நேரம் இது ஒன்றுதான்.

சிறகு விரிந்த பிறகு பழுப்பு கலந்த ஒரு திரவம் சொட்டும். இரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

வந்தது கறிவேப்பிலை அழகியின் பெண்ணாக இருந்தால் மூன்று தோற்றங்களில் எது என்று பாருங்கள். ஆணைப் போன்ற மகளும் ரோஸைப் போன்ற மகளும் ஒரே தாய்க்குப் பிறக்கலாம். இத்தனை வேறுபாட்டையும் டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு ஆள்கிறது என்று கிருஷ்ணமேக் குந்தேவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் காட்டினார்கள். ஆண் எப்போதும் ஒரே தோற்றம்தான்.

12. பறக்கவிடுங்கள்

சிறகு இறுக இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். பட்டாம்பூச்சி தானாகச் சிறகை மெல்ல விரித்து மூடத் தொடங்கிய பிறகு கூண்டைத் திறந்துவிடுங்கள். விரலை அதன் கால்களுக்கு முன்னால் நீட்டினால் ஏறிக்கொள்ளும். சிறகைப் பிடிக்காதீர்கள், கையில் ஒட்டும் பொடி உண்மையில் சிறகின் செதில்கள், உதிர்ந்தவை மீண்டும் முளைக்காது.

முதல் நாள் உணவு தேவையில்லை. மழை பெய்தால் ஒரு நாள் கூண்டிலேயே நிழலில் வைத்திருக்கலாம். மாலையில் விடாதீர்கள், இருட்டுவதற்குள் அதற்கு ஒரு தங்குமிடம் கிடைக்காது. வெயிலுள்ள காலையே சரி.

திரும்பிவர வேண்டும் என்ற ஆசை இருந்தால் பூச்செடிகள் வையுங்கள். இட்லிப் பூ, செம்பருத்தி, பென்டாஸ் மூன்றும் இந்த இரண்டு இனங்களையும் அழைக்கும். ஒரு மூலையில் மண்ணை எப்போதும் ஈரமாக வைத்தால், அதில் உள்ள உப்பை உறிஞ்ச ஆண்கள் வந்து அமரக்கூடும்.

13. அடுத்த முட்டைக்கு முன்

கூண்டைச் சோப்பு நீரில் கழுவி ஒரு முழு நாள் வெயிலில் போடுங்கள். பாட்டில், தூரிகை, குச்சிகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். தின்னப்பட்ட செடிக்குத் தொழுவுரம் இட்டு, மொட்டையான நுனிகளைக் கத்தரித்து, முழுவதும் துளிர்க்கும்வரை அதில் புழு விடாதீர்கள். அந்த இடைவெளியில் மற்றச் செடி வேலை செய்யட்டும்.

நோட்டில் எழுதிய தேதிகளை ஒருமுறை பாருங்கள்: முட்டை கண்ட நாள், பொரிந்த நாள், பச்சையான நாள், கூடான நாள், பறந்த நாள். எந்தச் செடி, எந்த மாதம் என்பதையும் சேர்த்துப் படத்துடன், பொதுமக்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிவிட்டால், உங்கள் ஊரின் பட்டாம்பூச்சிகளைப் பற்றி வேலை செய்பவர்களுக்கு அது பயன்படும். முட்டைக்கும் புழுவுக்கும் உரிய படங்களைத் தனித்தனியாகப் போடுங்கள். பெரும்பாலானோர் பறக்கும் படத்தை மட்டுமே பதிவிடுகிறார்கள்.